நடுச்சுவர் எங்கே? பிரிட்டனை ஆட்டிய கேள்வி

கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தனிக்குடித்தனம் போவது என்று முடிவு செய்துவிடலாம். நடுச்சுவரை எங்கே எழுப்புவது என்பதில்தான் சண்டை வரும். பிரிட்டனில் நடந்ததும் அதுதான்.

28 நாடுகள் சேர்ந்திருந்த ஐரோப்பிய யூனியனை விட்டு விலகலாமா என்று 2016 ஜூன் 23-ந் தேதி மக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் 51.9 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். பிரதமர் டேவிட் காமரூன் ராஜினாமா செய்தார்.

எப்படி விலகுவது என்பது ஓட்டுச் சீட்டில் இல்லை. அங்கேதான் வந்தது வினை!

எல்லைச் சிக்கல்

வடக்கு அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. அதை ஒட்டிய அயர்லாந்து தனி நாடு; யூனியனில் இருக்கிறது. இடையே சுமார் 500 கிலோ மீட்டர் எல்லை. அங்கே சரக்குச் சோதனைச் சாவடி வைத்தால், 1998-ல் ஏற்பட்ட சமாதானம் குலைந்துவிடும் என்று அஞ்சினார்கள்.

புதிய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த உடன்பாட்டை 2019-ல் பாராளுமன்றம் மூன்று முறை தள்ளியது. முதல் முறை 230 ஓட்டு வித்தியாசம்! அவரும் பதவி விலகினார்.

அடுத்து வந்த போரிஸ் ஜான்சன், பாராளுமன்றத்தையே 5 வாரம் மூட ஏற்பாடு செய்தார். அது செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட்டு. பிறகு தேர்தலில் வென்றார். 2020 ஜனவரி 31-ந் தேதி பிரிட்டன் வெளியேறியது.

நடுச்சுவர்? அது கடலில் எழுந்தது. பிரிட்டனில் இருந்து தன் சொந்தப் பகுதியான வடக்கு அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்கே சோதனை வந்தது!