திண்டுக்கல் கிராமங்கள் சொன்ன பதில்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: பரிசோதனையும் சிகிச்சையும் ஒரே இடத்தில் வேண்டும்

“எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்?”

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்தால் நம் பெண்களில் பலர் சொல்வது இதுதான். இந்த நோயின் ஆபத்தே, ஒன்றும் இல்லாததுபோல் தோன்றும் காலத்தில்தான் இருக்கிறது. இந்த நோய் வருபவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். பெரும்பாலான பெண்களின் உடலிலிருந்து அது தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கிவிட்டு, கர்ப்பப்பை வாயின் செல்களை மெல்ல மாற்றும். அது புற்றுநோயாக முற்றப் பத்துப் பதினைந்து வருடங்கள்கூட ஆகும். அதுவரை வலியே இருக்காது. உறவுக்குப் பின் ரத்தம், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், மாதவிடாய் நின்ற பிறகும் உதிரப்போக்கு என்று அறிகுறிகள் தெரியும்போது பலருக்குக் காலம் கடந்திருக்கும்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வருகிறது. ஏறத்தாழ 80,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது குளோபோகான் என்ற உலகப் புற்றுநோய்த் தரவுத்தளத்தின் 2022 மதிப்பீடு. அந்தப் பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் ஒருமுறை பார்த்திருந்தால் இவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கலாம்.

நர்ஸ் கையில் சிகிச்சை

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது திண்டுக்கல் மாவட்டம். அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சுகாதார மையத்துடன் சேர்ந்து, புற்றுநோய் ஆய்வாளர் டாக்டர் ஆர்.சங்கரநாராயணன் தலைமையில் 2000-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களுக்கு அழைப்பு போனது. 31,343 பேர் பரிசோதித்துக்கொண்டார்கள்.

பரிசோதனை மிக எளிமையானது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சில் நனைத்து, நர்ஸ் கர்ப்பப்பை வாயில் தடவுவார். ஒரு நிமிடம் காத்திருந்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். மாறிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தைக் குளிர்வாயுவால் உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபியையும் பயிற்சி பெற்ற நர்ஸ்களே செய்தார்கள். மயக்க மருந்து வேண்டாம், வார்டில் படுக்க வேண்டாம்.

2007-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது. வழக்கமான வசதிகள் மட்டுமே இருந்த ஊர்களோடு ஒப்பிட்டபோது, அழைப்பு போன ஊர்களில் நோய் 25 சதவிகிதமும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்திருந்தன.

அடுத்து என்ன?

தமிழ்நாடு அரசு தேனி, தஞ்சாவூரில் சோதனை முறையில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுபோனது. அது பெரிய சாதனைதான். ஆனால், திண்டுக்கல் கற்றுத்தந்த பாதிப் பாடம் மட்டும் போதாது. ‘வெள்ளையாகத் தெரியுது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் துணைக்கு ஆளையும் தேட முடியாத பெண் அங்கேயே நின்றுவிடுவாள். சிகிச்சை முடியாத பரிசோதனை அவளுக்குப் பயத்தை மட்டும்தான் தரும். கண்டுபிடித்த இடத்திலேயே கிரையோதெரபி கிடைக்க வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அறிவியலும் முன்னேறியிருக்கிறது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், வைரஸையே தேடும் ஒரே ஒரு எச்.பி.வி. பரிசோதனை மரணங்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது 2009-ல் தெரியவந்தது. அதற்கான மாதிரியைப் பெண்ணே மறைவாக எடுத்துக் கொடுக்கலாம் என்பதால், கூச்சம் என்ற தடையும் விலகுகிறது. நம் பெண்பிள்ளைகளுக்கோ, 9 முதல் 14 வயதுக்குள் போட வேண்டிய எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிறது.

முப்பதைத் தாண்டிய பெண்களே, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை எந்த நாளில் என்று கேளுங்கள். ‘மாற்றம் தெரிந்தால் இங்கேயே சிகிச்சை உண்டா?’ என்றும் கேளுங்கள். இல்லை என்றால், கிராம சபையில் எழுந்து அதையே கோரிக்கையாக வையுங்கள். வீட்டு ஆண்களே, அன்றைக்குச் சமையலையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொண்டு அவர்களை அனுப்பி வையுங்கள்.