கலஹாரி மணலில் தடம் படிக்கும் பாடம்

நமீபியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சிற்றூர் ட்சும்க்வே. அதைச் சுற்றியுள்ள நயே நயே பகுதியில் ஜு ஹோன்சி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மிக நெடுங்காலமாக வாழ்ந்துவரும் சான் மக்களில் ஒரு பிரிவினர் இவர்கள். சில கிராமங்களின் அருகே கூடாரம் போட்டுத் தங்கி, ஊர்க்காரர்களோடு புதர்க்காட்டுக்குள் நடந்து, காட்டில் பிழைக்கும் வித்தைகளைப் பழகலாம்.

ஒற்றை ஆள் காட்டோடு மல்லுக்கட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களுக்கு இது வேறு உலகம். இங்கே வேகத்துக்கு மதிப்பில்லை, கண்ணுக்குத்தான் மதிப்பு.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். கலஹாரியில் ஆண்டின் பெரும்பகுதி நிலத்தின்மேல் நீர் நிற்காது. மண்ணுக்கடியில் கிழங்குகளுக்குள் இருக்கும். வெளியே தெரிவது நூல் போன்ற ஒரு காய்ந்த கொடி மட்டுமே. அதை அடையாளம் கண்டு, கூர்க்கழியால் தோண்டிக் கிழங்கை எடுத்துச் சீவுகிறார்கள். சீவலைக் கைக்குள் வைத்துப் பிழிந்து, கட்டைவிரல் நுனியை வாய்க்கு நேராகப் பிடித்தால் சாறு விரல்வழியே சொட்டும். எந்தக் கொடிக்குக் கீழே குடிக்கத்தக்க கிழங்கு இருக்கிறது என்பதுதான் பாடத்தின் உயிர். புத்தகத்தில் படம் பார்த்துவிட்டு இதில் இறங்கக் கூடாது. தர்பூசணியின் காட்டு உறவான சம்மா காயும் தாகம் தீர்க்கும். மழைக்காலத்து நீரைத் தீக்கோழி முட்டை ஓட்டில் நிரப்பி, துளையைப் புல்லால் அடைத்து, மணலில் புதைத்துவைப்பதும் பழைய வழக்கம்.

நெருப்புக்கு இரண்டு குச்சிகள் போதும். ஒன்றில் குழி; மற்றொன்றை அதில் நிறுத்தி உள்ளங்கைகளால் கடைய வேண்டும். கருந்தூளில் கங்கு பிடித்ததும் காய்ந்த புல்லில் கொட்டி ஊத வேண்டும். தமிழுக்கு இது அந்நியமல்ல. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் குழலில் துளையிடுவது ஞெலிகோலால் கடைந்த தீயைக் கொண்டுதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான வித்தை தடம் படிப்பது. அதற்குக் காரணம் அம்பில் இருக்கிறது. ஒருவகை வண்டின் புழுக்களைச் செடியின் வேரடியில் தோண்டியெடுத்து, அவற்றின் நஞ்சை அம்பில் பூசுகிறார்கள். முனையில் பூசுவதில்லை, தவறி யார் கையிலாவது கீறிவிடலாம் என்பதால் முனைக்குப் பின்னால்தான். இந்த நஞ்சு மெதுவாக வேலை செய்யும். அடிபட்ட பெரிய விலங்கு விழ மணிக்கணக்கு ஆகும், சிலசமயம் நாள்கணக்கும் ஆகும். அதுவரை கூட்டத்தில் அந்த ஒரு விலங்கின் குளம்பை மட்டும் பிரித்தறிந்து பின்தொடர வேண்டும். தடத்தின் விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, அதன்மேல் பூச்சி ஊர்ந்திருக்கிறதா, நடையின் இடைவெளி குறைகிறதா என்று பார்த்தே நேரத்தையும் களைப்பையும் சொல்லிவிடுகிறார்கள். சில நாள் தங்கும் பயணிக்கு இதன் அரிச்சுவடிதான் கிடைக்கும்.

வேட்டை இருக்கும்வரைதான் இந்தக் கல்வியும் இருக்கும். 1998இல் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நயே நயேயில் மரபு ஆயுதங்களால் வேட்டையாட அவர்களுக்கு உரிமை உண்டு. எல்லைக்கு அப்பால் நிலைமை கசப்பானது. போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரிக் காப்பகத்திலிருந்து சான் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. காட்டைவிட்டு ஒரு தலைமுறை வெளியே வளர்ந்தால், தாத்தாவின் கண் பேரனுக்கு வராது.

அந்தக் கண்ணின் மதிப்பை விஞ்ஞானிகளும் அறிவார்கள். 2013இல் ட்சும்க்வே பகுதியைச் சேர்ந்த மூன்று தடம் பார்ப்பவர்களைப் பிரான்சின் பனியுகக் குகைகளுக்கு அழைத்துப் போனார்கள். துக் தோதுபேர் குகையில், களிமண்ணில் குதிகால் பதிந்த பல்லாயிரம் ஆண்டுப் பழைய தடங்கள் உண்டு. அவை சடங்கு நடனத்தின் சுவடுகள் என்று ஆய்வாளர்களிடையே ஒரு கருத்து இருந்துவந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நடனம் இல்லை என்றார்கள். ஒரு பெரியவரும் ஒரு சிறுவயதுக்காரரும் குழியில் களிமண் எடுக்க வந்து போன தடம் அது.