முழங்காலுக்கு மருந்து மலையடிச் சாலையில்!

“வைத்தியர் ஐயா, நடக்கச் சொல்றீங்க. நடந்தா முட்டி வலிக்குது. உக்காந்தா சர்க்கரை ஏறுது. நான் என்னதான் செய்றது?”

வாரத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: “சைக்கிள் ஓட்டத் தெரியுமாம்மா?”

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்படியில்லை. “அறிவொளியில கத்துக்கிட்டேனே!” என்று சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1991, 92-ஆம் ஆண்டுகளில் இங்கே அறிவொளி இயக்கம் ஊர் ஊராக எழுத்தறிவு வகுப்புகள் நடத்தியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கற்கும் பெண்கள் சைக்கிளும் ஓட்ட வேண்டும் என்று அதையும் பாடத்தோடு சேர்த்தார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், கிராம நர்ஸுகள், ஆசிரியைகள்... லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகக் கணக்கு. லேடீஸ் சைக்கிள் போதாமல், பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே பழகினார்கள்.

என் அக்காவும் அவர்களில் ஒருத்தி. நான் அப்போது பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மாணவன். லீவுக்கு வந்தபோது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவன் நான்தான். “விட்றாதடா, விட்றாதடா” என்று கத்திக்கொண்டே மிதித்தாள். நான் எப்போதோ விட்டுவிட்டேன். அது அவளுக்குத் தெரியாது!

அந்த அக்காதான் சில வருடங்களுக்கு முன் என் எதிரே நோயாளியாக வந்து உட்கார்ந்தாள். வெறும் வயிற்றில் சர்க்கரை 190. இரண்டு முட்டியிலும் வலி. ஆங்கில மருத்துவர் தந்த மாத்திரை, நான் தந்த குடிநீர், தைலம் எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தன. முன்னேற்றம் மட்டும் இல்லை. சைக்கிளோ கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்தது.

“முட்டி வலியாலதான் சைக்கிளை விட்டியாக்கா?” என்று கேட்டேன்.

“இல்லடா. முட்டி வலி அப்புறம் வந்தது. மெயின் ரோட்டுல ஒரு லாரி உரசுற மாதிரி போச்சு. அன்னிக்கு விட்டதுதான். பையனும் ஸ்கூட்டர் வாங்கிட்டான். இனிமே நீ ஓட்ட வேணாம்மான்னுட்டான்.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அவள் முட்டிக்கு வைத்தியம் பார்த்தேன். பயத்துக்குப் பார்க்கவில்லை. அந்தப் பயத்துக்கு மருந்து வண்டி வராத ஒரு நல்ல சாலை!

முட்டி வலிக்குச் சைக்கிளா?

ஆமாம். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் முழங்கால் மூட்டில் இறங்குகிறது. படி இறங்கும்போது இன்னும் அதிகம். சைக்கிளில் பெரும்பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது. மூட்டு மடங்கி நீள்கிறது, ஆனால் அதிர்வதில்லை. தொடையின் முன்பக்கத் தசை வலுப்பெறுகிறது. அந்தத் தசைதான் முட்டிக்குத் தூண்.

உழைக்கும் தசை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துச் செலவு செய்துகொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும். நாளுக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள். அவ்வளவுதான்.

எங்கள் வைத்தியத்தில் முட்டித் தேய்வை அழல் கீல்வாயு என்றும், சர்க்கரை நோயை மதுமேகம் என்றும் சொல்வோம். இரண்டுக்கும் மருந்தோடு உணவும் நடவடிக்கையும் மாற வேண்டும். பத்தியம் என்றால் புளியை விலக்குவது மட்டுமில்லை. உட்கார்ந்தே இருப்பதை விலக்குவதும் பத்தியம்தான்.

சைக்கிளுக்கு ஒரு குறையும் உண்டு. நம் எடையைக் கால் சுமக்காததால் எலும்புக்கு வலு சேர்வது குறைவு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு வலு முக்கியம். அதனால் மிதித்துப் போகும் இடத்தில் இறங்கி, முட்டி அனுமதிக்கிற அளவு பத்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்புங்கள்.

எந்தச் சாலை?

நெதர்லாந்தில் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை இருக்கிறது. நமக்கு விடியற்காலை ஊராட்சிச் சாலை இருக்கிறதே! நல்ல சாலையைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள்:

ஒன்று, பால்காரரைக் கேளுங்கள். எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு என்ன வண்டி வரும் என்பது அவருக்கு அத்துப்படி.

இரண்டு, ஓரத்துச் செடிகளின் இலையைப் பாருங்கள். வெள்ளையாகத் தூசி படிந்திருந்தால் அது கல்குவாரி டிப்பர் லாரிகள் போகும் பாதையாக இருக்கும். அந்தப் பக்கமே வேண்டாம்.

மூன்று, நீங்கள் போக நினைக்கும் அதே நேரத்தில் ஒருநாள் யாருடனாவது ஸ்கூட்டரில் போய்ப் பாருங்கள். வளைவு, குழி, நாய்த்தொல்லை எல்லாம் தெரிந்துவிடும்.

திருச்சி - புதுக்கோட்டை - காரைக்குடி தேசிய நெடுஞ்சாலை மிதிப்பதற்கு ஏற்றதல்ல. அதைவிட்டு உள்ளே பிரிந்தால் வேறு உலகம். செம்மண், தைலமரக் காடு, மஞ்சளாய்ப் பூத்த ஆவாரை, திடீரென்று எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்று. கொடைக்கானல் மாதிரி மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது. இங்கே சாலைகள் பெரும்பாலும் குன்றின் அடிவாரத்தைச் சுற்றித்தான் போகும். முட்டி வலிக்காரர்களுக்கு இதுதான் வசதி.

போய்வர மூன்று இடங்கள்

சித்தன்னவாசல்: புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. டவுனிலிருந்தே மிதிக்க வேண்டாம். பக்கத்திலுள்ள அன்னவாசலிலிருந்து கிளம்பினால் தொடக்கக்காரர்களுக்குச் சரியான தூரம். பழைய சமண ஓவியங்கள் உள்ள அறிவர் கோவிலுக்குப் படிகள் கொஞ்சம்தான். சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்கு மலைப்பாதையில் ஏற வேண்டும். முட்டி வலி இருப்பவர்கள் அதை விட்டுவிடுங்கள்.

குடுமியான்மலை: சுமார் 20 கி.மீ. அன்னவாசல் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு மாதப் பழக்கத்துக்குப் பிறகு இது சரிப்படும். இசைக் கல்வெட்டுக்குப் பேர்போன ஊர். சிகாநாதர் கோவில் அடிவாரத்திலேயே இருப்பதால் ஏறவேண்டிய வேலை இல்லை. பிரகாரத்தைச் சுற்றினாலே எலும்புக்கான நடை கிடைத்துவிடும்.

நார்த்தாமலை: சுமார் 17 கி.மீ. நெடுஞ்சாலையில் மிதிக்காமல் ஊருக்குள்ளிருந்தே தொடங்குங்கள். குன்றுகளும் காப்புக்காடும் சூழ்ந்த இடம். விஜயாலய சோழீஸ்வரத்துக்குப் பாறைச் சரிவில் நடந்துதான் ஏற வேண்டும். இது வலி இல்லாதவர்களுக்கு மட்டும். பங்குனியில் மாரியம்மன் திருவிழாக் கூட்டம் இருக்கும் நாட்களைத் தவிருங்கள்.

ஒரு வேண்டுகோள். மூலிகை என்று கண்ட செடியையெல்லாம் பிடுங்கி வராதீர்கள். காப்புக்காட்டில் பறிப்பது சட்டப்படி குற்றம். தெரியாத செடியைக் கஷாயம் வைத்துக் குடித்து அவதிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஏறும் முன்...

பல வருடம் விட்டுப்போனவர்கள் முதல் வாரம் சாலைக்கே போக வேண்டாம். பள்ளி மைதானம் போதும். குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளில், இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கி, காலால் தள்ளித் தள்ளிப் பழகுங்கள். பேலன்ஸ் தானாக வந்துவிடும்.

பழகியதும் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். குதிகால் பெடலில் இருக்க, பெடல் அடிப்பக்கம் போகும்போது கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்தே இருந்தால் முட்டி அதிகம் மடங்கி வலி கூடும். சைக்கிள் ஓட்டி முட்டி வலி வந்தது என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்!

மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள். இதில் வெட்கம் என்ன இருக்கிறது? புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, பாட்டிலில் தண்ணீர் அவசியம். தனியாகப் போகாதீர்கள். வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்புங்கள். வந்ததும் நீர்மோர் அல்லது கஞ்சி நல்லது. எண்ணெய்க் குளியல் நாளில் வெயிலும் அலைச்சலும் ஆகாது. அன்று சைக்கிளுக்கும் லீவு.

இவர்கள் கவனம்!

நெஞ்சு வலி, தலைசுற்றல், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை, சர்க்கரையால் கண் விழித்திரையில் பாதிப்பு, பாதத்தில் மரமரப்பு... இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. இன்சுலினும் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு வழியில் சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நின்று, வைத்திருக்கும் குளுக்கோஸையோ சர்க்கரையையோ வாயில் போடுங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் ஓய்வுதான் மருந்து.

இன்னொன்று. சைக்கிள் ஓட்டுகிறோமே, ஆவாரைக் குடிநீர் குடிக்கிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

அக்கா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அன்னவாசல் பக்கம் ஓர் உள்சாலையைப் பால்காரர்தான் காட்டினார். முதல் இரண்டு வாரம் அவள் மகனே கூடப் போனான். பிறகு தெருவில் இன்னும் இரண்டு பேர், அறிவொளிக் காலத்துத் தோழிகள், சேர்ந்துகொண்டார்கள். எட்டு மாதத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 130-க்கு வந்தது. மாத்திரை தொடர்கிறது. முட்டி வலி அடியோடு போய்விடவில்லை. ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகிறேன். இப்போதும் அவளுக்குப் பின்னால்தான் வருகிறேன். கேரியரைப் பிடிக்க இல்லை, எட்டிப் பிடிக்க!