மலையேறும் இரும்பு – 11: துத்தநாகக் குளியல்

பட்டையாகவும் கம்பியாகவும் சென்ற வாரம் நாம் விட்டுவந்த இரும்பை இந்த வாரம் துருவிலிருந்து காக்கும் துத்தநாகத் தொட்டிக்குள் இறக்குவோம்.

கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காடு போகும் சாலையில் கஞ்சிக்கோடு வருகிறது. ஸ்கிராப் உருக்கும் உலைகளும் ஃபேப்ரிகேஷன் ஷெட்களுமாக, இரும்பை நம்பிப் பிழைக்கும் தொழிற்பேட்டை. அதற்குக் கொஞ்சம் முன்னால் வாளையாரில் 1984 முதல் மலபார் சிமென்ட்ஸ் இருக்கிறது. சிமென்ட் ஆலை எதுவானாலும் அதன் உயரமான மேடைகளில் ஏறி நின்று கீழே பாருங்கள். காலடியில் மூடிய தரை இருக்காது. கட்டம் கட்டமான இரும்புப் பட்டைகள், அவற்றின் இடைவெளியில் கீழ்த்தளத்தில் நடப்பவரின் தலை. தூசி தங்காது, மழைநீர் தேங்காது, கால் வழுக்காது. இதுதான் கிரேட்டிங். தெற்கே இடுக்கி மலைகளின் நீர்மின் நிலையங்களுக்கும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏறிப்போகும் ஊர்களின் சாக்கடை மூடிகளுக்கும் வேண்டியது இதே சரக்குதான்.

செய்முறையில் சுமை தாங்குவது நெட்டுக்குத்தாக நிற்கும் பட்டைகள். 25 மி.மீ. அல்லது 32 மி.மீ. உயரம், 5 மி.மீ. கனம் என்பது வழக்கமான அளவு. இவற்றை வரிசையாக நிறுத்தி, முறுக்கிய சதுரக் கம்பியைக் குறுக்கே வைத்து, மின்சாரம் பாய்ச்சிக்கொண்டே அழுத்துவார்கள். கம்பி பட்டைக்குள் இறங்கி ஒன்றாகிவிடும். இந்த மிஷின் இல்லாத பட்டறைகளில் ஒவ்வொரு சந்திப்பையும் கையால் வெல்டிங் வைக்கிறார்கள். அதுவும் நல்ல வேலைதான், ஸ்லாக் என்கிற வெல்டிங் கசடைத் தட்டிச் சுத்தம் செய்தால். ஸ்லாக், பெயின்ட், எண்ணெய் இருக்கிற இடத்தில் துத்தநாகம் பிடிக்காது. அங்கே கறுப்புப் பொட்டாக நின்றுவிடும்.

தொட்டிக்கு முன்னால் வேறு தொட்டிகள் இருக்கின்றன. காரத்தில் எண்ணெய் போக்கி, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் துருவைக் கழுவி, தண்ணீரில் அலசி, ஜிங்க் அம்மோனியம் குளோரைடு கரைசலில் முக்கிக் காயவைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் உருகிய உலோகம் பட்டாசு போல் தெறித்து ஆளைச் சுட்டுவிடும்.

துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகும். தொட்டியை 450 டிகிரியை ஒட்டி வைத்திருப்பார்கள். மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்திருக்கும். அதை ஒருவர் கரண்டியால் ஒதுக்க, உள்ளே வெள்ளி போல் மின்னும் பரப்பு தெரியும். கிரேன் கிரேட்டிங்கைச் சாய்வாக இறக்கும். வெள்ளைப் புகை எழும், தொட்டி கொதிக்கும். இரும்பும் அதே சூட்டுக்கு வந்ததும் கொதிப்பு அடங்கும். அதுதான் அடையாளம். மறுபடி ஆடையை ஒதுக்கி மெதுவாகத் தூக்குவார்கள். அவசரப்பட்டால் கட்டங்களின் மூலைகளில் துத்தநாகம் சவ்வு கட்டிக்கொள்ளும், அடிவிளிம்பில் ஊசி ஊசியாகத் தொங்கும்.

அந்தச் சில நிமிடங்களில் நடப்பதைப் பூச்சு என்று சொல்வது போதாது. இரும்பும் துத்தநாகமும் கலந்து அடுக்கடுக்காகக் கலப்பு உலோகம் உருவாகிறது. அதற்கும் மேலேதான் தூய துத்தநாகம் படிகிறது. ஸ்டானிஸ்லாஸ் சொரேல் 1837இல் பிரான்சில் காப்புரிமை வாங்கியதும் இந்த முறைக்குத்தான். சில வகை எஃகில் சிலிக்கன் அளவு காரணமாகப் பளபளப்பு வராது, மங்கலாக வரும். மங்கல் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் தடித்த படலத்தைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள்.

துத்தநாகத்துக்கும் இடுக்கிக்கும் ஆற்று வழியே ஒரு உறவு உண்டு. பெரியாறு இடுக்கியிலிருந்து மலையிறங்கி வரும் எடையாரில் 1967இல் கொமின்கோ பினானி ஆலை துத்தநாகம் எடுக்கத் தொடங்கியது. மின்பகுப்பு முறையில் ஒரு டன் எடுக்க 3,000 முதல் 4,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது. நாட்டின் துத்தநாகம் பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து வருகிறது.

மலைக்குப் போகும் சரக்குக்கு முதல் ஆபத்து லாரியிலேயே காத்திருக்கிறது. புதிதாகப் படிந்த துத்தநாகத்துக்குக் காற்று வேண்டும். காற்றுப் பட்டால் மேலே கெட்டியான கார்பனேட் படலம் உருவாகி அதைக் காக்கும். ஜூன் மழையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நனைந்த தார்ப்பாயை இறுக்கி மூடி மலை ஏற்றினால், நடுவில் சிக்கிய நீர் மாவு போல் வெள்ளைத் துருவைக் கிளப்பிவிடும். இடையே மரக்கட்டை வைத்துச் சாய்வாக அடுக்கினால் தீர்ந்தது.

நிறுவிய பிறகு கணக்கு ஊருக்கு ஊர் மாறும். துத்தநாகத்தை அரிப்பதில் எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட எத்தனை நேரம் ஈரமாக இருந்தது என்பதுதான் பெரிது. பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து வரும் காற்று மாதக்கணக்கில் உலர்த்திக்கொண்டே இருக்கிறது. மூணாறு மஞ்சில் நிற்கும் இரும்பு மழை விட்டாலும் காயாது. 5 மி.மீ.யும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்புக்கு இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 4759 சொல்வது சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது ஏறத்தாழ 85 மைக்ரான். வருஷத்துக்கு இரண்டு மைக்ரான் போனாலும் 40 வருஷம் தாங்கும்.

அந்த 40 வருஷத்தையும் ஒரு மணி நேரத்தில் கெடுக்க முடியும். அளவு சரியில்லை என்று கிரைண்டரால் வெட்டி, சைட்டிலேயே வெல்டிங் வைப்பதை நான் மன்னிக்க மாட்டேன். சின்னக் கீறல் என்றால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். வெல்டிங் சூட்டில் அது கொதித்து ஆவியாகிறது. சுற்றிலும் இரும்பு அம்மணமாகிறது. அந்தப் புகையைச் சுவாசித்த வெல்டருக்கு மாலையில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பிறகு அதன் மேல் சில்வர் பெயின்ட் அடித்து ஒப்படைக்கிறார்கள். அது நிறத்தைத்தான் தரும். வேறு வழியே இல்லை என்றால் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து ஜிங்க் ரிச் பெயின்ட் அடிக்க வேண்டும். அதுவும் தொட்டியில் கிடைத்ததற்கு ஈடாகாது.

ஆகவே ஆர்டர் கொடுக்கும் ஊராட்சிக்காரர்களுக்கும் எஸ்டேட்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இடத்தை முதலில் அளந்துவிடுங்கள். வெட்டுவது, துளை போடுவது, விளிம்புப் பட்டை வைப்பது எல்லாம் முடிந்த பிறகே சரக்கைத் தொட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள். 610 கிராம் என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். சரக்கு வந்ததும் தடிமன் அளக்கும் கைக்கருவியை நாலு இடத்தில் வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.