உங்கள் மடிக்கணனி யாருடன் இணைகிறது?

சகோதரிகளே, 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் போனால் வீட்டு ரவுட்டரும் அணைந்துவிடும். அப்போதெல்லாம் கணவரின் கைத்தொலைபேசியில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுத்தான் எங்கள் மகளின் ஸூம் வகுப்பு நடந்தது.

ஒருநாள் மின்சாரம் இருந்தும் வகுப்பின் நடுவே படம் அப்படியே நின்றுவிட்டது. பார்த்தால், பக்கத்தில் ரவுட்டர் வேலை செய்துகொண்டிருக்க, மடிக்கணனியோ தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அதன் டேட்டா முழுவதையும் தீர்த்திருந்தது! ஹொட்ஸ்பொட்டை அணைக்க அவர் மறந்திருந்தார். பரீட்சை நெருங்கிய நேரம். பிள்ளை அழுதேவிட்டாள்.

ஏன் இப்படி நடக்கிறது? ஒருமுறை இணைந்த வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மடிக்கணனி நினைவில் வைத்திருக்கும். எதற்குக் காசு அதிகம், எது பிள்ளைக்கு நல்லது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நீங்கள் கடைசியாகக் கையால் தெரிவு செய்ததற்கே வின்டோஸ் பெரும்பாலும் முதலிடம் கொடுக்கும். இணைந்த பின் இலேசில் மாறவும் மாட்டாது. எனவே முதலிடம் எதற்கு என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வின்டோஸ் 11இல் செட்டிங்ஸைத் திறந்து, 'நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை', 'மெனேஜ் நோன் நெட்வேர்க்ஸ்' என்று வரிசையாகச் செல்லுங்கள். இதுவரை இணைந்த பெயர்கள் எல்லாம் அங்கே இருக்கும். அவற்றை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

வீட்டு ரவுட்டர்: பெயரை அழுத்தி, 'கனெக்ட் ஒட்டோமெட்டிக்கலி' என்பதில் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்க வேண்டும்.

கணவரின் தொலைபேசி: அதே அடையாளத்தை எடுத்துவிடுங்கள். தேவையான நாளில் கையால் இணைத்துக்கொள்ளலாம். 'மீட்டேர்ட் கனெக்‌ஷன்' என்பதையும் போட்டுவைத்தால், வின்டோஸின் பெரிய அப்டேட்கள் பெரும்பாலும் அந்த டேட்டாவில் இறங்காது.

அயல்வீடும் கடைகளும்: 'ஃபொகெட்' என்பதை அழுத்தி நீக்கிவிடுங்கள். நம் ரவுட்டர் பழுதான நாளில் பக்கத்து வீட்டார் அன்போடு தந்த கடவுச்சொல் அவர்களுடைய பொருள். தேவை முடிந்த பின்னும் நமக்குத் தெரியாமலே அதைப் பாவிப்பது முறையல்ல. கடவுச்சொல் இல்லாத கடை வைஃபையில் வேறோர் ஆபத்தும் உண்டு. மடிக்கணனி அதன் பெயரைத்தான் பார்க்கிறது. அதே பெயரை வேறொருவர் வைத்தாலும் நம்பி இணைந்துவிடும்.

சில வீட்டு ரவுட்டர்கள் இரண்டு பெயர்களைக் காட்டும். 5 கிகாஹேர்ட்ஸ் கிட்டத்தில் வேகமானது. 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவர்களைத் தாண்டித் தூரத்து அறைக்கும் எட்டும். பிள்ளை படிக்கும் இடத்துக்கு ஏற்றதை அந்த அறையில் வைத்தே தெரிவு செய்யுங்கள்.

இதையெல்லாம் செய்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். மகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்யுங்கள். வகுப்புக்கு முன் எந்தப் பெயரில் இணைந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவளுக்கும் வரட்டும்.