மில் போன பிறகு ஊர் யாருடையது?

புதியம்புத்தூரில் தொழில் எங்கே நடக்கிறது என்று காட்ட ஒற்றை மில் கேட் கிடையாது. கட்டிங் மாஸ்டர் வெட்டிய துணி கட்டுக் கட்டாக அடுத்த தெருவுக்குப் போகிறது. காஜா ஒருவர், பட்டன் ஒருவர், அயர்னிங் இன்னொருவர். சட்டையும் நைட்டியும் குழந்தைகள் உடையும் தைத்துத் தைத்தே இந்தக் கரிசல் ஊர் ‘குட்டித் திருப்பூர்’ ஆனது. தொழிலால் பெயர் பெற்ற ஊர், தொழில் போனால் என்னவாகும்? வடசென்னையில் அதைப் பார்த்துவிட்டோம்.

பெரம்பூர் பக்கத்துப் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் காக்கித் துணிக்குப் பேர்போனவை. மக்கள் வாயில் பின்னி மில். புதியம்புத்தூருக்குப் பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களைத் திரட்டினார் அல்லவா, அதற்குப் பத்தாண்டு கழித்து, 1918 ஏப்ரல் 27-ல், இந்த மில் ஆட்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் அதே தொழிலாளர்கள் சாதியால் பிளந்து, புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. அதை விட்டுவிட்டு மில் காலத்தைப் பொற்காலம் என்பது பாதிக் கதைதான்.

1996-ல் மில் மூடியது. சங்கு ஊதிய இடத்தில் சினிமாக்காரர்கள் செட் போட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. வழி சொல்ல மட்டும் ‘பின்னி மில்’ என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது.

மில் நிலம் இப்படிக் கைமாறுவது தானாக நடப்பதல்ல. நில விதிதான் தீர்மானிக்கிறது. மும்பையில் 1991-ல் வந்த விதி, மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி உரிமையாளருக்கு என்றது. 2001-ல் ஒரு திருத்தம் வந்தது: கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டுமே இந்தப் பங்கு. மில் வளாகத்தில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்! 2006-ல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. மும்பையின் ஃபீனிக்ஸ் மில் இருந்த இடம் இன்று வணிக வளாகம்.

புதியம்புத்தூரில் அப்படி மொத்தமாக விற்க ஒரே வளாகம் இல்லை. அது ஒரு பாதுகாப்புதான். ஆனால் வீட்டிலிருந்து பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்குக் கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இருக்காது. ஆர்டர் நின்றால் நஷ்டஈடு கேட்க அவருக்குப் போய் நிற்க ஒரு கேட்டும் இல்லை.