கப்பலைக் கூப்பிடும் விளக்கு! மாமல்லபுரம் குன்றின் மேல் ஒரு காவல்காரன்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்குக் கடல் வெகு தூரம். மேற்கே மலை; சுற்றிலும் வயல், தோப்பு, பஞ்சாலை. ஆனாலும் உயரத்தில் நின்று வழி காட்டுவது எது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர் போய்த் திரும்பும்போது ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும், "ஊர் வந்துவிட்டது" என்று பையைத் தேடுகிறவர்கள் அல்லவா!

கடலில் போகிறவனுக்கும் அப்படி ஓர் அடையாளம் வேண்டும். இரவிலும் தெரிய வேண்டும். அதுதான் கலங்கரை விளக்கம்.

சொல்லிலேயே பொருள்

கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் கூப்பிடுதல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே சொல்தான். ஆக, கப்பலைக் கூப்பிடும் விளக்கு என்று பொருள்.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் ஒரு துறைமுகம் வருகிறது. அங்கே ஏணி சாத்தி ஏறும் உயரமான மாடம். அதன் உச்சியில் இரவில் தீ எரியும். அதைப் பார்த்துக் கப்பல்கள் கரைக்கு வரும். அந்தத் துறைமுகம் மாமல்லபுரமே என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள்.

கோயிலே விளக்கானது

மாமல்லபுரத்தில் கடற்காற்று ஓயாமல் வீசும் பாறைக்குன்று ஒன்று உண்டு. அதன் உச்சியில், மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, கல்லால் ஆன பழைய சிவன் கோயில் நிற்கிறது. 8-ம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் கட்டியது. பெயர் உலக்கண்ணேஸ்வரர் கோயில். நெருப்புக் கண்ணுடைய ஈசன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

பொருத்தத்தைப் பாருங்கள்! வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தக் கோயிலின் மேல்தளத்தில்தான் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். இங்கு அவர்கள் முதல் விளக்கு ஏற்றியது 1887-ல். பிறகு பக்கத்திலேயே கருங்கல்லால் வட்டக் கோபுரம் எழுப்பினார்கள். 1904-ல் அது முழு அளவில் வேலை செய்யத் தொடங்கியது.

அதன் உயரம் சுமார் 85 அடி. ஆண்டாள் கோயில் கோபுரத்தில் பாதி கூட இல்லை. ஆனால் குன்றின் மேல் நிற்பதால் வெகு தூரம் தெரிகிறது.

சின்ன விளக்கு, பெரிய ஒளி

உள்ளே பிரமாதமான பெரிய விளக்கு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வித்தை கண்ணாடியில் இருக்கிறது. 1820-களில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பிரெனல் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டை தீட்டிய கண்ணாடித் துண்டுகளை விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்கினார். நாலா பக்கமும் சிதறும் ஒளி ஒரே கற்றையாகத் திரண்டு கடலுக்குப் பாய்ந்தது.

இன்னொரு விஷயம். பக்கத்துப் பக்கத்து விளக்குகள் ஒரே மாதிரி மின்னுவதில்லை. எத்தனை விநாடிக்கு எத்தனை மின்னல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. மாலுமி அதை எண்ணிப் பார்த்தே எந்த ஊர் விளக்கு என்று சொல்லிவிடுவார்.

ஏறிப் பார்க்கலாம்

பாதுகாப்புக் காரணத்தால் பல ஆண்டுகள் பொதுமக்களை மேலே விடவில்லை. 2011-ல் மீண்டும் திறந்தார்கள். குறுகிய படிகள்; குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏற வேண்டும். மேலே போனால் காற்று ஆளைத் தள்ளும். ஆனால் கீழே கடற்கரைக் கோயிலும், அதற்கப்பால் நீலக் கடலும் விரிந்து கிடக்கும் காட்சி, ஏறிய களைப்பை மறக்கச் செய்யும்.

ராஜபாளையத்தில் மாலையில் பொதிகை ரயில் ஏறினால், விடியும் நேரத்தில் செங்கற்பட்டு. அங்கிருந்து பஸ்ஸில் போகலாம்.

இன்று படகுகளில் வழி காட்டும் சாட்டிலைட் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் கருவி பழுதாகலாம். பேட்டரி தீர்ந்து போகலாம். ஐப்பசி, கார்த்திகை இருட்டில், காற்றும் மழையும் அடிக்கும்போது, படகில் இருப்பவன் கரைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். ஒரு மின்னல், சற்றுப் பொறுத்து இன்னொன்று. அது போதும். வீட்டில் சோறாக்கி வைத்துக் காத்திருப்பவர்களிடம் அவன் வந்து சேர்ந்துவிடுவான்.